நிறுக்கும் தராசும் சுவைக்கும் நாவும்

உயர்தரத்தில் கலைப்பிரிவை எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் பேச்சு, எந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதுதான். கொழும்பில் வேலை செய்யும் சாச்சா பெருநாள் லீவுக்கு எல்லவுக்கு வந்தால் போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டுவார். "பாருங்க மகள், கொழும்பு முதலாவது, பேராதனை ரெண்டாவது. மத்ததெல்லாம் எங்கயோ கிடக்குது. ரேங்கைப் பார்த்துத்தான் ஃபோம் நிரப்பணும்" என்பார். வாப்பா கடைக் கணக்கை எழுதியபடியே தலையாட்டுவார். ஒருநாள் உம்மா மட்டும், "அந்த ரேங்கை யாரு போடுறது? எதைப் பார்த்துப் போடுறது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இருக்கவில்லை.

அடுத்த வருடம் நானும் விண்ணப்பப் படிவத்தில் பல்கலைக்கழகங்களை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, பின்னர் ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே உம்மாவின் கேள்வி எனக்கும் உரிய கேள்விதான். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையும் அவற்றைப் பற்றி நான் நினைப்பதையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சாச்சா காட்டும் பட்டியலின் பெயர் வெபோமெட்ரிக்ஸ். ஸ்பெயின் நாட்டின் அரச ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வுகூடம் 2004ஆம் ஆண்டு முதல் அதை வெளியிட்டு வருகிறது. எமது நாட்டுப் பத்திரிகைகளிலும் அது செய்தியாக வருவதுண்டு. அண்மைய பதிப்புகளில் அதன் 100 புள்ளிகளில் 50 புள்ளி, ஒரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்கு வெளியிலுள்ள தளங்கள் எத்தனை இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதற்கு வழங்கப்படுகிறது. 10 புள்ளி, அங்குள்ள முன்னணி ஆய்வாளர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டார்கள் என்பதற்கு. மிகுதி 40 புள்ளி, தத்தம் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட முதல் 10 வீதக் கட்டுரைகளில் அப்பல்கலைக்கழகத்தின் கட்டுரைகள் எத்தனை என்பதற்கு. விரிவுரைகள் எப்படி நடக்கின்றன, நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டா, மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரையை யாராவது வரி வரியாக வாசித்துத் திருத்துகிறார்களா என்பவற்றுக்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை.

உலகில் பேர்பெற்ற வேறு பட்டியல்களும் உள்ளன. சீனாவின் ஷங்ஹாய் நகரிலிருந்து 2003இல் தொடங்கிய பட்டியலில், நோபல் பரிசு போன்ற உயர் விருதுகளைப் பெற்ற பழைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் 30 வீதம் ஒதுக்கப்பட்டுள்ளது. லண்டனிலிருந்து வரும் டைம்ஸ் ஹையர் எடியுகேஷன் பட்டியல் பல வருடங்களாக மேற்கோள்களுக்கு 30 வீதம் கொடுத்தது. அதே பட்டியலில் 33 வீதம், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று பேராசிரியர்களிடம் கேட்டு வாங்கிய அபிப்பிராயமாக இருந்தது. கியூ.எஸ். பட்டியலில் அத்தகைய அபிப்பிராயத்துக்கு முன்னர் 40 வீதமும், 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 வீதமும் கிடைத்தன. ஏற்கெனவே பேர்பெற்ற இடத்துக்கு அந்தப் பேருக்காகவே மேலும் புள்ளி கிடைக்கிறது. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை, 1942ஆம் ஆண்டின் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட கொழும்போடும் பேராதனையோடும் இந்த ஓட்டத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஆய்வாளரை எடைபோடுவதற்கென்று அவை பிறக்கவில்லை. அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1955இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்று ஒரு சுட்டி தயாரித்தால், ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடிப் பிடிக்கலாம் என்பதே அந்த யோசனை. 1960களில் அவருடைய நிறுவனம் அச்சுட்டியை வெளியிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆய்விதழ்களின் 'தாக்கக் காரணி'. ஓர் இதழ் கடந்த 2 வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வருடம் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் தாக்கக் காரணி கிடைக்கும். குறைந்த பணத்தில் எந்த இதழ்களை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டிய நூலகர்களுக்கு இது பெரிய உதவி. பின்னர் அந்த இதழில் எழுதியவரையும் அதே எண்ணால் மதிப்பிடத் தொடங்கினார்கள். சிக்கல் தொடங்கியதும் அங்கேதான்.

சராசரி என்பது எவ்வளவு ஏமாற்றும் என்று கணித பாடத்தில் படித்திருக்கிறோம். வகுப்பில் ஒருத்தி 100 புள்ளி எடுத்து மற்றவர்கள் 20 எடுத்தாலும் சராசரி கொஞ்சம் உயர்ந்துதான் காட்டும். பளிங்குகளின் அமைப்பை ஆராயும் ஓர் இதழுக்கு உண்மையாகவே இது நடந்தது. 'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற அந்த இதழின் தாக்கக் காரணி 2008இல் 2.051 ஆக இருந்தது. 2009இல் அது 49.926 ஆகப் பாய்ந்தது. காரணம் ஒரே ஒரு கட்டுரை. உலகெங்கும் பயன்படும் ஒரு கணினி மென்பொருளைப் பற்றி அது பேசியதால், அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஒரே வருடத்தில் 24 மடங்கு சிறந்ததாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

2005இல் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் தனி ஆய்வாளருக்கென்று ஓர் எண்ணை உருவாக்கினார். அதன் பெயர் எச் சுட்டெண். ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் சுட்டெண் 10. விளங்க எளிது, கணிக்கவும் எளிது. ஆனால் வாழ்நாளில் 3 கட்டுரைகள் மட்டுமே எழுதிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 5,000 தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய சுட்டெண் 3ஐத் தாண்டாது. பீட்டர் ஹிக்ஸ் என்ற பிரித்தானியப் பௌதிகவியலாளர் 1964இல் எழுதிய கட்டுரைக்காக 2013இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் அவர் எழுதிய கட்டுரைகள் 10ஐ விடக் குறைவு. இன்றைய முறையில் எந்தப் பல்கலைக்கழகமும் தனக்கு வேலை தராது என்று அவரே பத்திரிகைப் பேட்டியில் சொன்னார்.

இதையெல்லாம் வாசித்தபோது என் மனம் கொழுந்து மடுவத்துக்குப் போனது. ஊவாவில் வளர்ந்த யாருக்கும் நிறுவை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தனியார் வகுப்பில் என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி தோட்ட லயத்தில் வசிக்கிறாள். அவளுடைய அம்மா காலையில் மலைக்குப் போனால் குறித்த கிலோ கொழுந்து பறித்துவர வேண்டும். கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர். பனி ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். "இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் பறிச்சா கூடை எப்ப நிறையிறது?" என்று அவர் என்னிடம் கேட்டார். நல்ல தேயிலைக்கு வேண்டியது இளங்கொழுந்துதான். முற்றிய இலைக்கு எடை கூட. தராசோ எடையை மட்டும்தான் காட்டும். முற்றிய இலையைப் போட்டால் கங்காணி ஏசுகிறார், போடாவிட்டால் தராசு ஏசுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பறிக்கும் பெண்.

ஊவாத் தேயிலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைகளைத் தாண்டி வரும் கச்சான் காற்று எங்கள் பக்கம் வரண்ட காற்றாக வீசும். அக்காலத்தில் செடி மெதுவாகத்தான் வளரும். கொழுந்து குறையும், கிலோ இறங்கும். ஆனால் உலகம் தேடி வாங்கும் ஊவாவின் தனி வாசனை உண்டாவது அந்த மாதங்களில்தான். கிலோவை மட்டும் பார்த்து மதிப்பிட்டால், ஊவா தன் மிகச் சிறந்த தேயிலையைத் தரும் காலம் அதன் மிக மோசமான காலமாகத் தெரியும்.

நல்லவேளையாகத் தேயிலை வியாபாரம் தராசோடு நின்றுவிடவில்லை. கொழும்பில் 1883ஆம் ஆண்டிலிருந்து தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு முன் சுவைஞர்கள் ஒவ்வொரு மாதிரியையும் ஊற்றி, நிறம் பார்த்து, முகர்ந்து, உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பி மதிப்பிடுகிறார்கள். வருடக்கணக்கான பயிற்சி பெற்ற நாவு அது. அவர்களும் தவறலாம். ஆனால் அவர்கள் மதிப்பிடுவது தேயிலையை. ஆய்வுலகில் சுவைஞரின் வேலையைச் செய்பவர் அதே துறையைத் தெரிந்த இன்னோர் ஆய்வாளர். கட்டுரையை முழுமையாக வாசித்து, கேள்வி சரியா, சான்று போதுமா, முடிவு சான்றிலிருந்து வருகிறதா என்று பார்ப்பவர் அவர். அந்த வாசிப்புக்கு நேரமும் அறிவும் வேண்டும். எண்ணைக் கூட்டுவதற்கு இரண்டும் தேவையில்லை. அதனால்தான் நிருவாகத்துக்கு எண் இனிக்கிறது.

எண்ணே இலக்கானால் எண் கெட்டுவிடும் என்று அறிஞர்கள் முன்பே எச்சரித்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதை, மானிடவியலாளர் மரிலின் ஸ்ட்ரதேர்ன் 1997இல் பல்கலைக்கழக மதிப்பீட்டுக்குப் பொருத்திக் காட்டினார். அளவுகோல் எப்போது இலக்காகிறதோ அப்போது அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பது அவர் கருத்து. இந்தியாவில் 2010இல் பல்கலைக்கழக ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிப் புள்ளியிடும் முறை வந்தது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அவற்றைக் களைவதற்கென்று 2018இல் இன்னொரு குழு அமைக்க வேண்டியதாயிற்று. சென்னையிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரி இந்தியாவின் தேசியத் தரவரிசையில் தன் துறையில் முதலிடம் பெற்றது. அங்கே மாணவர்கள் பரீட்சையாக எழுதும் கட்டுரைகள் இதழ்களில் வெளியாவதையும், அவை அந்தக் கல்லூரியின் கட்டுரைகளையே பெருமளவில் மேற்கோள் காட்டுவதையும் பற்றி 2023இல் 'சயன்ஸ்' இதழ் கேள்வி எழுப்பியது. சீன அரசு 2020 பெப்ரவரியில், மேற்கோள் சுட்டியில் உள்ள கட்டுரைகளை எண்ணி ஆள் சேர்ப்பதையும் பதவி உயர்த்துவதையும், கட்டுரைக்குப் பணப்பரிசு கொடுப்பதையும் கட்டுப்படுத்தியது. அதிகமாக எண்ணிய நாடே அலுத்துப்போய்த் திரும்பியது.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். தமிழில் செய்யப்படும் ஆய்வு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது?

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று இன்று நாம் பாடமாகப் படிக்கும் துறையை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் ம.மு. உவைஸ். பாணந்துறைப் பக்கத்தில் 1922இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலானந்தரிடம் தமிழ் கற்றவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கைப் பற்றிய அவருடைய முதுமாணி ஆய்வு 1953இல் நூலாக வந்தது. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று எங்கள் முன்னோர் வீடுகளிலும் தைக்காக்களிலும் ஓதிவந்தவை இலக்கிய வகைகள் என்ற மரியாதையைப் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஏட்டையும் பழைய அச்சுப் பிரதிகளையும் தேடி அலைந்து அவர் சேர்த்தவையே, பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பல தொகுதிகளாக வந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு அடிப்படை. அவர் நடந்த பாதையில்தான் இன்றும் ஆய்வாளர்கள் நடக்கிறார்கள்.

இந்த உழைப்பைத் தாக்கக் காரணியால் அளக்க முடியுமா? அது இதழ்களுக்கானது, அவர் எழுதியவை நூல்கள். அது 2 வருட மேற்கோளைப் பார்க்கிறது, அவருடைய நூல்களை 70 வருடங்களுக்குப் பிறகும் வாசிக்கிறோம். பெரிய மேற்கோள் சுட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். தமிழ்க் கட்டுரையொன்றைத் தமிழ்க் கட்டுரை மேற்கோள் காட்டினால் அந்தச் சுட்டிகளுக்கு அது கேட்பதேயில்லை. ஆகவே அந்தப் பட்டியல்களில் உவைஸ் செய்தது ஏறக்குறைய பூச்சியம். இதை இளம் விரிவுரையாளர் ஒருவர் கவனித்தால் என்ன செய்வார்? தமிழில் எழுதுவதைக் குறைத்துக்கொள்வார். மலையக நாட்டார் பாடலையோ முஸ்லிம் பெண்களின் தாலாட்டையோ ஆராய்வதை விட, வெளிநாட்டு இதழ் விரும்பும் தலைப்பைத் தேடுவார். நான் பல்கலைக்கழகம் போகும்போது எனக்கு வழிகாட்ட யாரும் இல்லாமல் போகலாம். என்னைப் பொறுத்தவரை இங்கே பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான்.

இலக்கியத்துக்கு மட்டும் உரிய குறை இதுவென்று நினைக்க வேண்டாம். மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் தொடங்கியபோது முதலில் எடுத்த இரண்டு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். மலை மலையாக நடந்து, சரிவையும் மண்ணையும் நீரோட்டத்தையும் பார்த்துச் செய்யும் ஆய்வு அது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது எனக்கு ஏழு வயது. வீட்டில் பெரியவர்கள் றேடியோவைச் சுற்றி நின்றது நினைவிருக்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். அந்த எச்சரிக்கை எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டது என்பது ஒரு கேள்வியா? லயத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்கும் மொழியில் போய்ச் சேர்ந்ததா, அவர்கள் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றப்பட்டார்களா என்பதே கேள்வி.

நல்ல முன்மாதிரி ஒன்றும் தேயிலையிலேயே இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், கொழுந்து இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவைக் கட்டுப்படுத்த 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. அந்தக் குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழித்தது. அந்தப் புழுவின் பெருந்தொல்லை அடங்கியது. அந்த ஆய்வின் தரத்துக்குச் சான்று தேயிலை மலையில் இருக்கிறது. அதைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் எண்களே வேண்டாம் என்று நான் வாதிடுவதாகத் தோழியர் நினைக்கக்கூடாது. எண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் என்று பார்த்து 'நல்ல ஆய்வு' என்று முத்திரை குத்திவிடலாம். செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எண் ஒரு காவல். உயர்தரத்தில் இஸட் புள்ளி இல்லாமல் பல்கலைக்கழக அனுமதி நடந்தால் எல்லவிலும் பசறையிலும் இருக்கும் எங்கள் கதி என்ன? அதேபோல், தமிழில் எழுதியது என்பதற்காகவே ஓர் ஆய்வு நல்லதாகிவிடாது. பிறர் எழுதியதைப் பார்த்தெழுதிய தமிழ் ஆய்வுகளும் இருக்கும். தமிழ் ஆய்வுக்குச் சலுகை வேண்டாம். தமிழ் தெரிந்தவர் வாசித்துக் கண்டிப்பாக மதிப்பிட்டால் போதும்.

உண்மையில், எண்ணை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இஸட் புள்ளியே நல்ல பாடம். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டுவது நியாயமில்லை என்பதால் 2001இலிருந்து அந்த முறை வந்தது. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து நாம் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறோம் என்பதையே அது காட்டுகிறது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தார்கள். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் 2012இல் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து மீண்டும் கணிக்கச் சொன்னது. எண் என்றாலே சரி என்று அன்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் அநியாயம் நிலைத்திருக்கும்.

அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை ஒழுங்கிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும் தெரிவாகிறார்கள். மிகுதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் அவற்றில் ஒன்று. இதன் பொருள் என்ன? ஒரே இஸட் புள்ளியைக் கொழும்பிலும் பதுளையிலும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடாது என்று இந்த நாடு ஒத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பாடசாலையில், எந்த ஆய்வுகூடத்தில், எத்தனை ஆசிரியர்களோடு படித்து அந்தப் புள்ளி வந்தது என்று சேர்த்துப் பார்க்கிறது. மாணவருக்குச் செய்யும் இந்த நியாயத்தை ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏன் செய்யக்கூடாது?

உலகில் இதைப் பலர் வலியுறுத்தியிருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் பதிப்பாசிரியர்களும் ஒரு பிரகடனத்தை வரைந்தார்கள். ஆய்வாளரை அவர் எழுதிய இதழின் தாக்கக் காரணியால் மதிப்பிடாமல், அவருடைய ஆய்வையே மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். 2015இல் 'நேச்சர்' இதழில் வந்த லைடன் அறிக்கை பத்துக் கொள்கைகளைச் சொன்னது. எண், அறிந்தவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தந்த நாட்டுக்கும் ஊருக்கும் பயன்படும் சிறந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்பது இன்னொன்று. தமிழில் நல்ல ஆய்வு செய்பவருக்குத் தேவையானது இதுதான்.

எங்கள் கடைத் தராசுக்கு வருடந்தோறும் அரசாங்க அதிகாரிகள் முத்திரை குத்துவார்கள். அது வாப்பாவுக்குப் பெருமை. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் அல் முதஃப்பிஃபீன் என்று தனி அத்தியாயமே இருப்பதை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். ஆனால் அரிசி வாங்க வருபவர் முத்திரையை மட்டும் பார்த்துப் போவதில்லை. சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, கல் இருக்கிறதா, பழசா, புதுசா என்று பார்த்துவிட்டே நிறுக்கச் சொல்வார். அளவையில் நீதி என்பது எடையைச் சரியாகக் காட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. பொருளைப் பார்க்காமல் எடையை மட்டும் சொல்வதும் ஒருவகைக் குறைவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே படிவம் நிரப்பும் நாள் வரும்போது பட்டியலையும் பார்ப்பேன். அதோடு வேறு சில கேள்விகளையும் கேட்பேன். அந்தத் தமிழ்த்துறையில் இப்போது நடக்கும் ஆய்வுகள் எவை? முன்னைய மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்து வாசிக்க முடியுமா? பேராசிரியர்கள் மாணவர் எழுதியதை வாசித்துத் திருத்துகிறார்களா? ஊவாவைப் பற்றியோ மலையகத்தைப் பற்றியோ முஸ்லிம்களின் தமிழைப் பற்றியோ அங்கே யாராவது அக்கறை கொள்கிறார்களா? இவற்றுக்கு அங்கே படிக்கும் அக்காமாரிடமும் ராத்தாமாரிடமும் விடை கேட்கலாம். விஞ்ஞானப் பிரிவுத் தோழியர் தங்கள் கேள்விகளை இப்படியே அமைத்துக்கொள்ளலாம். மகியங்கனைப் பக்கத்துக் கிராந்துருகோட்டே மக்களை வாட்டும் சிறுநீரக நோயைப் பற்றி, எங்கள் மலைச் சரிவுகளைப் பற்றி, சிறு தேயிலைச் செய்கையாளரைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகம் உண்மையாக ஆராய்கிறது என்று அவர்கள் கேட்கட்டும்.

இதற்கிடையில் என் உம்மும்மாவுக்குத் தெரிந்த தாலாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொன்று எழுதியாகிவிட்டது. சிலவற்றில் அவருக்கே அடிகள் மறந்துவிட்டன. பண்டாரவளையில் இருக்கும் அவருடைய தங்கச்சிக்கு மிகுதி தெரியுமாம். வரும் விடுமுறையில் அங்கே போகவிருக்கிறேன்.